அலுமாரியில் அடைபட்ட புரொஜெக்டர்

அத்தியாயம் ஐந்து

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மாத்தளை டவுனிலிருந்து இரண்டு கட்டை தூரம் தள்ளியிருக்கும் ஒரு தமிழ் வித்தியாலயத்தின் வாசலில் பஸ்லி தன் ஆட்டோவை நிறுத்தினான். வித்தியாலயத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் அதன் பழைய மாணவர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டு என்னைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றும். அந்தச் சங்கத்துக்கு வேறு வேலை கிடையாது என்பது இந்த அத்தியாயம் முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பின் சீட்டிலிருந்து மங்களேஸ்வரி இறங்கினாள். நாற்பத்தெட்டு வயது. பருத்திப் புடவை, கையில் குடை, முகத்தில் எதையும் நம்பாத ஒரு புன்னகை. பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்துகொண்டு, தானாக எரிந்த கடைகளையும் தானாகக் காணாமல் போன லொறிகளையும் விசாரித்தவள். இப்போது ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். பஸ்லி அவளுக்கு உதவியாளன், டிரைவர், வாயாடி எல்லாம். முதல் இரண்டுக்கும்தான் சம்பளம், மூன்றாவதை அவன் இலவசமாகச் செய்துகொண்டிருந்தான்.

"அக்கா, இப்பயாவது சொல்லுங்க. என்ன கேஸ்? கொலையா?"

"புரொஜெக்டர்."

"புரொஜெக்டர கொன்னுட்டாங்களா, புரொஜெக்டரால கொன்னுட்டாங்களா?"

"அதுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. பழி ஒரு டீச்சர் மேல. பதினொன்றரைக்கு பிரின்சிபல் ஒரு கடுதாசில கையெழுத்துப் போடணும். போட்டா டீச்சர் இங்க இருக்க முடியாது."

"அப்ப சரி. பன்னெண்டே காலுக்கு எனக்கு ஜும்மா தொழுகை. கொலைன்னா லேட்டாகும்."

வாசலிலேயே பள்ளி அதிபர் சிவசாமி ஓடி வந்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, கையெழுத்துப் போடுவதென்றால் அவர் பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுவார். மங்களேஸ்வரியை இரகசியமாக வரவழைத்தவரும் அவர்தான். வந்த வேகத்தில் பஸ்லியின் கையில் ஓர் அளவு நாடாவைத் திணித்தார்.

"யாராவது கேட்டா கர்ட்டனுக்கு ஜன்னல் அளக்க வந்தோம்னு சொல்லுங்க. துப்பறியிறவங்கன்னு தெரிஞ்சா சங்கத் தலைவர் என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு."

"சேர், நான் ஆட்டோ ஓட்டுறவன். எனக்கு அளக்கத் தெரியாது."

"எனக்கும்தான் நிர்வாகம் தெரியாது. இருபது வருசமா பண்ணலையா? அளங்க!"

பஸ்லி நாடாவை விரித்தான். அந்த நேர்மை அவனுக்குப் பிடித்திருந்தது.

நடந்துகொண்டே சிவசாமி விவரத்தைச் சொன்னார். பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டது. கிழமை நாளில் வகுப்புக்கு, ஞாயிற்றுக்கிழமை சங்கத்து வியாபாரிகள் தங்கள் புதுச் சரக்கைப் படம் போட்டுக் காட்ட. எதை வாங்குவது என்று தீர்மானிக்க மூன்று கடைகளிடமிருந்து மூன்று மெஷினை இரவல் வாங்கினார்கள். புதன்கிழமை பின்னேரம் மூன்றும் வந்து கம்பியூட்டர் அறையில் இறங்கின. அறைச் சாவி கம்பியூட்டர் பாடம் எடுக்கும் ஸில்மியா டீச்சரிடம். வியாழன் காலை ஒன்பது மணிக்கு, அதிபர் தலைமையிலான தேர்வுக் கமிட்டி முழுவதும் கூடியிருக்க, பரீட்சை நடந்தது.

"ஒண்ணாம் நம்பர் பெட்டியில ஒம்பதாயிரம் லூமன்ஸ்னு போட்டிருந்துச்சு. வெளிச்சம் பெட்டியிலதான் இருந்துச்சு, மெஷின்ல இல்ல. மூணாம் நம்பர் கலேவெலக் கடையிலருந்து வந்தது. சின்னது. சுவருக்குப் பக்கத்துல வச்சே முழுப் படமும் காட்டிருச்சு. ரெண்டாம் நம்பர்தான் பெருசு. சங்கத் தலைவர் மோகனராஜுக்கு அதுலதான் கண்ணு. அதப் போட்டோம்."

"போட்டா?"

"இலங்கை வரைபடம் வந்துச்சு. நாடு முழுக்க ஒரே செவப்பு, ஒரே பொகை. அடுத்தது தலைவரோட சொந்தப் படம். ரம்புட்டான் மாதிரி வந்தாரு. புள்ளைங்க சிரிச்சிருச்சு. கமிட்டியும் சிரிச்சிருச்சு. நான் மட்டும் சிரிக்கல, வெளிய போய்ச் சிரிச்சேன்."

மோகனராஜ் எழுந்து நின்று இது சதி என்றாராம். மூன்றாம் நம்பர்தான் வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்தவர் ஸில்மியா டீச்சர், சாவியும் அவரிடம், ஆகவே இரண்டாம் நம்பரைக் கெடுத்ததும் அவரே. கைரேகை அழியக்கூடாது என்று சொல்லி அந்த மெஷினைத் தானே தூக்கிக்கொண்டுபோய் அதிபரின் இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். புகார்க் கடிதத்தையும் அவரே டைப் செய்து கொண்டுவருகிறார். அதிபர் கையெழுத்துப் போட்டால் போதும். டீச்சரை எங்கே மாற்ற வேண்டும் என்பதைக்கூட அவரே கடிதத்தில் எழுதிவிட்டார்.

"எங்க சேர்?"

"லக்கல பக்கம். பல்லேகமவுக்கும் உள்ளுக்கு. காலைல ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். நடுவுல யானை."

"புரொஜெக்டர் கைது, டீச்சருக்கு நாடு கடத்தல்" என்றான் பஸ்லி. "அலுமாரிக்குள்ள அதுக்கு சாப்பாடு தண்ணி குடுத்தீங்களா?"

"பஸ்லி, ஜன்னல அள" என்றாள் மங்களேஸ்வரி.

* * *

கம்பியூட்டர் அறையில் ஸில்மியா டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் முக்காடு. கண் வீங்கியிருந்தது. ஆனாலும் மேசையில் பதினோராம் வகுப்புக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டே மாதத்தில் ஓ.எல். சோதனை. லக்கலவுக்குப் போனால் தன் ஆறு வயது மகனைக் கிழமைக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டார்.

"சாவி யார்ட்ட இருந்துச்சு டீச்சர்?" என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

"என்ட்டதான்."

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

டீச்சரின் சிவப்புப் பேனா ஒரு கொப்பியில் சும்மா நின்றது. "இல்ல."

"நேத்து காலைல விருந்தாளிங்க வர்றதுக்கு முந்தி இந்த அறையக் கூட்டியிருப்பீங்களே. யாரு கூட்டுனது?"

"நான்தான்."

"மேசைக்கு அடியிலயும்?"

"ஓ... எல்லா இடத்துலயும். எழுதணும்னா எழுதட்டும் மேடம். நான் யார் மேலயும் குத்தம் சொல்ல மாட்டேன்."

பஸ்லி ஜன்னலோரமாக நாடாவைப் பிடித்தபடி மங்களேஸ்வரியின் காதுக்குக் கிட்டே வந்தான். "அக்கா, இவங்க பொய் சொல்றாங்க. ஆனா பழக்கமில்லாம சொல்றாங்க. நான் ஃபோன் கடையில வேல செஞ்சவன், பழகுன பொய்க்கு இப்பிடி வேர்க்காது."

மங்களேஸ்வரி தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். பெருச விட்டுட்டு ஏன் சின்ன மெஷினக் கேட்டீங்க?"

அவ்வளவுதான். இத்தனை நேரம் ஒவ்வொரு சொல்லாகப் பேசிய டீச்சர் எழுந்துவிட்டார். மூன்றாம் நம்பரை இழுத்து, சுவருக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, சுவிட்சைப் போட்டார். சுவர் முழுக்கப் படம் விழுந்தது.

"இந்தத் தம்பிய முன்னால வந்து நிக்கச் சொல்லுங்க. பார்த்தீங்களா, நெழல் விழல. பெரிய மெஷினப் பின் சுவர்ல வச்சா நான் கையக் காட்டிப் படிப்பிக்கிற எடத்துல என் தலதான் தெரியும். திரும்பினா கண்ணு கூசும். இது பதினாறு அடி அறை. அந்தப் பெருசு முந்நூறு பேர் இருக்கிற மண்டபத்துக்குச் செஞ்சது. அதோட ஃபேன் சத்தத்துல பின் வரிசைக்கு நான் பேசுறது கேக்காது. பல்ப் போனா புதுசு கொழும்புலருந்து வரணும், அதுவரைக்கும் புள்ளைங்க சுவரப் பார்த்துக்கிட்டு இருக்கணும். வெளிச்சம் கூடினா நல்ல மெஷின்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. வகுப்புக்கு ஏத்த வெளிச்சமா இருந்தாப் போதும், மேடம்."

பஸ்லி அசந்து போனான். இவ்வளவு நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிற மனுசிக்குச் சதி செய்ய என்ன தேவை? ஒன்பது மணிக்குச் சுவிட்சைப் போட்டாலே இவர் கட்சி ஜெயித்திருக்கும். அவனுக்கு மோகனராஜ் மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவனுக்கு வேலை ஓடும். நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினான்.

புதன்கிழமை காலையில் சரஸ்வதி பூசையான வாணி விழா நடந்திருந்தது. பன்னிரண்டு கம்பியூட்டருக்கும் நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பிரிண்டருக்கும் உண்டு. ஃபேன் சுவிட்சுக்கும் உண்டு. மூலையில் ஒரு தகரப் பெட்டியில் பழுதான மவுஸ் ஏழெட்டுக் கிடந்தன. அவற்றுக்கும் வரிசையாக வைத்திருந்தது.

"அக்கா, செத்த மவுசுக்கும் பொட்டு. மறுமைக்கு அனுப்புறாங்க போல."

"எதுக்கெல்லாம் வைக்கல? அதச் சொல்லு."

பஸ்லி மறுபடி ஒரு சுற்று வந்தான். வாசல் பக்கம் வாடகைக்கு எடுத்த ஃபோட்டோ கொப்பி மெஷின், கம்பெனிக்காரனின் ஸ்டிக்கரோடு. அதன் நெற்றி வெறுமை. தண்ணீர் ஃபில்டர், அதுவும் வாடகை, அதுவும் வெறுமை. மேசையில் ஒன்றாம் நம்பர் புரொஜெக்டருக்கும் இல்லை, மூன்றாம் நம்பருக்கும் இல்லை.

"நாலு சாமான் வெதவையா நிக்குது அக்கா."

மங்களேஸ்வரியின் புன்னகை கொஞ்சம் அகலமானது. பஸ்லிக்கு அந்தப் புன்னகை தெரியும். எங்கேயோ ஒரு இன்சூரன்ஸ் கிளைம் செத்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் எது, எப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

* * *

வராந்தாவில் கிருஷ்ணம்மா ப்ளேன்டீ கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்து, மணி அடித்து, தேத்தண்ணி ஊற்றி, எல்லாம் அவர்தான். நிரந்தர வேலை இல்லை. பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கம் மாதா மாதம் பார்த்துக் கொடுக்கிற வேலை, வேண்டாம் என்றால் அடுத்த நாளே இல்லை.

"கர்ட்டன்காரங்களுக்கு மீன் வச்ச மாலுபணிசும் வச்சிருக்கேங்க" என்றார்.

பஸ்லி அளப்பதை உடனே நிறுத்தினான்.

"பொட்டெல்லாம் அழகா வச்சிருக்கீங்க" என்றாள் மங்களேஸ்வரி. "நீங்கதானே?"

"ஆமாங்க. வருசா வருசம் நான்தான். சேருக்குக் கை நடுங்கும்."

"அந்த ஃபோட்டோ கொப்பி மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?"

கிருஷ்ணம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது வாடகச் சாமான்ங்க. கம்பெனிக்காரன் அவன் எடத்துல வைப்பான். நம்ம பொருளுக்குத்தானே நாம வைக்கணும்? அடுத்தவன் புள்ளைக்கு நாம பேரு வைப்போமா?"

"அது சரி" என்றாள் மங்களேஸ்வரி. கிருஷ்ணம்மா தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது கம்பியூட்டர் அறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். உள்ளே இருந்து ஸில்மியா டீச்சர் வேண்டாம் என்று இலேசாகத் தலையசைத்தார். பஸ்லி வாயில் பணிசோடு இரண்டையும் பார்த்தான்.

"அக்கா, இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ இருக்கு."

"இருக்கு. அதுல பாதி எனக்குத் தெரியும். மீதிப் பாதி அலுமாரிக்குள்ள."

அப்போதுதான் வெள்ளைக் காரில் மோகனராஜ் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் கடித உறை. டைல்ஸ் கடை ஒன்று, கல்யாண மண்டபம் ஒன்று, பழைய மாணவர் சங்கம் ஒன்று, மூன்றுக்கும் முதலாளி. வராந்தாவில் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டு நின்ற பஸ்லியைப் பார்த்தார்.

"நீ யாரு?"

"கர்ட்டன் சேர்."

"கர்ட்டனா?"

"அளக்குறவன் சேர். தைக்கிறது வேற ஆள்."

மோகனராஜ் ஒரு நிமிஷம் யோசித்தார். நல்ல தொழிலாளியைக் கண்டால் விடமாட்டார். "இங்க முடிஞ்சதும் என் மண்டபத்துக்கு வா. அங்க பத்து ஜன்னல். நல்ல கனத்த துணியாப் போடணும். அந்தப் பெரிய மெஷின் அங்க வந்ததும் பகல்லயே கல்யாணப் படம் காட்டணும்."

"எந்தப் பெரிய மெஷின் சேர்?"

"உனக்கெதுக்கு? நீ பத்து ஜன்னல அள" என்று சொல்லிவிட்டு அதிபரின் அறைக்குள் போனார்.

பஸ்லி நாடாவை மெதுவாகச் சுருட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக, அளக்கும் தொழிலில் ஒரு மரியாதை வந்திருந்தது அவனுக்கு.

* * *

பதினொன்று இருபதுக்கு அதிபரின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். சிவசாமியின் முன்னால் கடிதம். கையில் பேனா. பேனா காகிதத்துக்கு நாலு விரல் மேலேயே நின்றுகொண்டிருந்தது. ஸில்மியா டீச்சர் சுவரோடு நின்றார். இரும்பு அலுமாரிக்கு முன்னால் மோகனராஜ் காவலாக நின்றார்.

"கர்ட்டன்காரங்க எதுக்கு இங்க?" என்றார்.

"கர்ட்டன்காரங்க இல்ல" என்று மங்களேஸ்வரி தன் விசிட்டிங் கார்டை மேசையில் வைத்தாள். "கையெழுத்துக்கு முந்தி அலுமாரியத் தெறங்க. அடிபட்ட ஆளப் பார்க்காம யாரும் கேஸ் எழுத மாட்டாங்க."

"கைரேகை அழிஞ்சிரும்!"

"தொட மாட்டோம், பார்ப்போம். உங்க மெஷினுக்கு யாரோ அநியாயம் பண்ணிட்டாங்கன்னு சொல்றீங்க. அதக் கண்டுபிடிக்க நீங்களே விட மாட்டேங்கிறீங்களே?"

கமிட்டித் தலைவர் என்ற முறையில் சிவசாமி திறக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று அவரே சந்தேகத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தார். மோகனராஜ் வேண்டா வெறுப்பாகச் சாவியைப் போட்டார். இரண்டாம் நம்பர் புரொஜெக்டர் ஃபைல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. பஸ்லி ஃபோன் டோர்ச்சை அதன் கண்ணாடியில் அடித்தான்.

கண்ணாடி முழுக்க மஞ்சளும் சிவப்புமாக ஈஷியிருந்தது. ஒரு விரல் வைத்த இடமும், அதைத் துணியால் துடைக்கப் பார்த்த கோடும் பளிச்சென்று தெரிந்தன. நேற்று முழுக் கமிட்டியும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மெஷினின் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பஸ்லி மூக்கை நீட்டி மோந்தான். "சந்தனம். குங்குமம். கடைசில சேலத் தலப்பு."

மோகனராஜின் முகம் மலர்ந்தது. "கிருஷ்ணம்மா! டீச்சர்தான் அந்தம்மாவ ஏவிவிட்டிருக்காங்க. அந்தக் கடுதாசியோட இன்னொண்ணும் எழுதுங்க சேர். அந்தம்மாவ இன்னியோட நிப்பாட்டுங்க."

ஸில்மியா டீச்சர் ஒரு நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு எது நடக்கக்கூடாது என்று நின்றாரோ அதுவே நடந்துகொண்டிருந்தது. இரண்டடி முன்னால் வந்தார்.

"கிருஷ்ணம்மா இல்ல சேர். நான்தான். நான்தான் பொட்டு வச்சேன்."

முக்காட்டோடு நின்று அவர் அதைச் சொன்ன அழகில் அதிபரின் பேனா கீழே விழுந்தது. பஸ்லிக்குப் புரையேறியது.

"டீச்சர்" என்றான், "உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணினா எங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

"நான்தாங்க வச்சேன்."

வாசலில் கிருஷ்ணம்மா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியாது. கூட்டுகிறவர் நின்றால் யாரும் பார்ப்பதில்லை.

"நேத்து காலைல கூட்டுறதுக்கு டீச்சர் சாவி குடுத்தாங்க. முந்தின நாள் சந்தனம் மிச்சம் இருந்துச்சு. புது மெஷினாச்சேன்னு வச்சேன். அது கண்ண மூடிக்கிட்டு இருந்துச்சுங்க. கண்ண மூடிக்கிட்டு இருக்கிறதுக்கு எப்பிடிப் பொட்டு வைக்கிறது? மூடியக் கழட்டினேன். வச்சேன். அப்பறம் கண்ணுக்குள்ளயே வச்சுட்டமேன்னு தொடச்சேன், அது ஈஷிக்கிச்சு. படம் செவப்பா வந்தப்பதான் எனக்கே வெளங்குச்சு. சொல்லப் போனேன், டீச்சர் வாயத் தொறக்காதீங்கன்னுட்டாங்க."

"கேட்டீங்களா!" என்றார் மோகனராஜ்.

"கேட்டோம்" என்றாள் மங்களேஸ்வரி. "கிருஷ்ணம்மா, மேசையில மூணு மெஷின் இருந்துச்சு. மத்த ரெண்டுக்கும் ஏன் வைக்கல?"

"அது கடக்காரங்களோடதுங்களே. பார்த்துட்டுத் திருப்பிக் குடுக்கிற சாமான்."

"இது?"

"இது நம்ம ஸ்கூலோடது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எழுதியிருந்துச்சு. தூசி தட்டத் தூக்கினேன், அடியில எழுதியிருந்துச்சு."

மோகனராஜ் அலுமாரிக் கதவைச் சாத்தப் பார்த்தார். பஸ்லியின் கால் நடுவில் இருந்தது. அவன் இரண்டாம் நம்பரை இரண்டு கையாலும் தூக்கி, மேசையில் கடிதத்தின் மேலேயே கவிழ்த்து வைத்தான்.

அடியில் ஒரு பெரிய ஸ்டிக்கர். பொன்னிற எழுத்து. கைகூப்பிய மோகனராஜின் வண்ணப்படம். 'பழைய மாணவர் சங்கத்தின் அன்பளிப்பு. தலைவர்: திருவாளர் மோகனராஜ் அவர்கள்.' கீழே ஒரு திகதி. மங்களேஸ்வரி அதைச் சத்தமாக வாசித்தாள். போன மாதத் திகதி.

"பரீட்ச நேத்து. பரிசு போன மாசமே குடுத்தாச்சு. இரவல்னு சொன்ன மெஷின முன்னாலயே வாங்கி வச்சாச்சு" என்றாள். "கமிட்டிய எதுக்குக் கூட்டினீங்க, தேத்தண்ணி குடிக்கவா? ஸ்டிக்கர் வெளிய தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் மெஷின அலுமாரியில வச்சுப் பூட்டினீங்க. கைரேகைக்காக இல்ல. உங்க படத்துக்காக."

"அது... ஒரு முன்னேற்பாடு."

"பேரு ஸ்கூலுக்கு, மெஷின் உங்க மண்டபத்துக்கு. அதுவும் முன்னேற்பாடா?"

"யார் சொன்னது?"

"நீங்கதான் சேர்" என்றான் பஸ்லி. "பத்து ஜன்னல். கனத்த துணி. பகல்லயே கல்யாணப் படம். கலர் மட்டும் சொல்லாமப் போயிட்டீங்க."

சிவசாமி முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாம் சரி மோகனராஜ். ஸ்டிக்கர ஏன்யா அடியில ஒட்டின?"

மோகனராஜ் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "சீலிங்ல தொங்கும்போது கீழருந்து எல்லாரும் பார்க்க வேணாமா?"

ஸில்மியா டீச்சரால் பொறுக்க முடியவில்லை. எத்தனை கஷ்டத்திலும் பிழையான விடையை விட்டுவைக்க மாட்டார் போல. "சேர், சீலிங்ல தலகீழாத்தான் மாட்டுவாங்க. அடிப்பக்கம் மேல போயிரும்."

"அப்ப என் படம்?"

"பல்லி பார்க்கும் சேர்" என்றான் பஸ்லி.

சிவசாமி மெஷினுக்கு அடியிலிருந்து கடிதத்தை உருவி எடுத்து நாலாகக் கிழித்தார். கையெழுத்துப் போடாமல் இருப்பதில் அவருக்கு இருந்த இருபது வருட அனுபவம் அன்றைக்குத்தான் வீரமாகத் தெரிந்தது. மூன்றாம் நம்பர்தான் என்று கமிட்டிப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். மோகனராஜ் வெள்ளைக் காரில் ஏறிப் போகும்போது இரண்டாம் நம்பர் முன் சீட்டில் அவரோடு போயிற்று, சிவந்த கண்ணோடு.

கேஸ் முடிந்தது என்று பஸ்லி ஆட்டோச் சாவியை எடுத்தான். ஆனால் கிருஷ்ணம்மா நகரவில்லை. கீழே கிடந்த கடிதத்துண்டு ஒன்றைப் பொறுக்கி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

"லக்கலவா?" என்றார். "டீச்சர லக்கலவுக்கு அனுப்பப் பார்த்தாங்களா?"

கிருஷ்ணம்மாவின் முகம் கோபத்தில் கோணிக்கொண்டது. நேராக ஸில்மியா டீச்சரிடம் போனார்.

"ஏதோ ஏச்சோட போயிரும்னு நெனச்சேன். இதுக்கா வாயத் தொறக்காதீங்கன்னு சொன்னீங்க? ஒங்கள யாரு கேட்டா? என் வேல போனா எனக்கு இன்னொரு வீட்ல சட்டி பானை கழுவத் தெரியும். என் மக ஒங்க வகுப்புல இருக்கு. வீட்டுக்கு வந்தா டீச்சர் அதச் சொன்னாங்க, டீச்சர் இதக் காட்டினாங்கன்னு ஒரே பேச்சு. நீங்க போயிட்டா அதுக்கு யாரு சொல்லிக் குடுப்பா? நானா? எனக்கு மெஷினோட கண்ணு எது நெத்தி எதுன்னே தெரியல!"

"கிருஷ்ணம்மா, அந்த வேலதானே உங்களுக்கு..."

"பேசாதீங்க!" கத்தியபோதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சருக்கும் வந்துவிட்டது. ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு கோபம்.

சிவசாமி மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறாம் பாடத்துக்கு மணி அடிக்கும் நேரம் தாண்டி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. அடிக்க வேண்டியவர் இங்கே நின்று ஏசிக்கொண்டிருந்தார். அதைச் சொல்ல அதிபருக்குத் தைரியம் வரவில்லை.

கிருஷ்ணம்மாவே கவனித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தார். "வாங்க. புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு" என்று வராந்தா நீளத்துக்கும் அவரை இழுத்துக்கொண்டு போனார். போகிற வழியில், பள்ளிக்கூட மணியாகத் தொங்கிய தண்டவாளத்துண்டில் மூன்று தட்டுத் தட்டினார். அப்போதும் பிடித்த கையை விடவில்லை.

ஜும்மாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் பஸ்லி ஆட்டோவைக் கிளப்பவில்லை. பின் சீட்டில் மங்களேஸ்வரியும் வராந்தாப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வராந்தாவின் கோடியில் ஒரு கதவு திறந்தது. நாற்காலிகள் தரையில் இழுபட்டன. முப்பத்தொரு பிள்ளைகள் ஒரே குரலில் டீச்சருக்கு வணக்கம் சொன்னார்கள்.